மும்பை ஃபிளாட்டில் மாடல் விமானங்களுக்குப் பெயிண்ட் அடிக்க எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்?

செம்பூரில் ஒரு பெட்ரூம் ஃபிளாட், 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) போர் விமானங்கள் செய்கிறேன், இதுவரை கைத்தூரிகைதான், காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பக்கத்தில் மாட்டுங்காவில்தான் இருக்கிறேன். அதனால் நம் ஊர் ஈரக்காற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிரஷ் வகையில் குழப்பமே வேண்டாம். டூயல் ஆக்‌ஷன், மேலே கிண்ணம் வைத்தது, நாசில், அதாவது பெயிண்ட் வெளியேறும் முனைத்துளை, 0.3 மி.மீ. பட்டனை அழுத்தினால் காற்று மட்டும் வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால்தான் பெயிண்ட் வரும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு கோடு தடிக்கும். சின்ன மாடலுக்கு இந்தக் கட்டுப்பாடு ரொம்ப முக்கியம். 1/72-ல் இரண்டு நிறம் சேரும் இடம் 3 மி.மீ. அகலத்துக்கு மங்கலாகிவிட்டால், நிஜ விமானத்தில் அது 20 செ.மீ.க்கும் மேல், கிட்டத்தட்ட அரை முழம். பார்த்ததும் பொம்மை என்று தெரிந்துவிடும். மேலே கிண்ணம் இருந்தால் பெயிண்ட் தானாக இறங்கும், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தமே போதும். இன்னும் மெல்லிய 0.2 மி.மீ. நாசில் மீது ஆசை வரும்தான். அதை இரண்டாவது பிரஷ்ஷாக வைத்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக் பெயிண்ட் (பிளாஸ்டிக் பிசின் கலந்தது, வாசனை குறைவு) அதன் நுனியில் சீக்கிரம் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

கம்பெனி என்று வரும்போது நான் முதலில் பார்ப்பது நாசில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். ஜிஎஸ்ஐ கிரியோஸின் பிஎஸ்-289, இவாட்டா நியோ போன்றவற்றில் மரை போட்ட குட்டி நாசில். கூடவே வரும் சின்ன ஸ்பேனரால் முடுக்க வேண்டும். இம்மி கூடுதலாக முடுக்கினாலும் கழுத்து முறிந்து, மரை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எவல்யூஷனில் நாசிலுக்கு மரையே கிடையாது. உள்ளே வைத்து முன்மூடியைத் திருகினால் அதுவே பிடித்துக்கொள்ளும். அடிக்கடி கழற்றிக் கழுவப் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி. பேட்ஜர் பேட்ரியாட் 105-ம் கழுவச் சுலபம்தான், ஆனால் அதன் வழக்கமான நாசில் 0.5 மி.மீ. அதன் குழாய் மரையும் தனி அளவு, பெரும்பாலான பிரஷ்களுக்கு வரும் 1/8 அங்குல மரைக் குழாயை அடாப்டர் இல்லாமல் மாட்ட முடியாது.

ஆக, பணம் இடம் கொடுத்தால் எவல்யூஷன். இல்லையென்றால் பிஎஸ்-289 தாராளமாக வாங்கலாம், ஆனால் அதே ஆர்டரிலேயே உபரியாக ஒரு நாசிலும், அதனுள் ஓடிப் பெயிண்டைக் கட்டுப்படுத்தும் ஊசி ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள். உதிரி பாகம் கிடைக்காத பிரஷ் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பிற்பாடு எப்போதாவது கிண்ணத்தில் பெயிண்ட் குமிழி விட ஆரம்பித்தால், நாசில் சரியாக உட்காரவில்லை அல்லது விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர். இதில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். பிரஷ்ஷின் கூடவே ஒட்டி வரும் பேட்டரி வகையை விடுங்கள், அதில் காற்று சீராக வராது. 3 லிட்டர் டேங்க், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஈரம் பிடிக்கும் ஃபில்டர் மூன்றும் உள்ளதாகப் பாருங்கள். டேங்க் நிறைந்ததும் மோட்டார் தானே நின்றுவிடும், ராத்திரியில் பக்கத்து வீட்டாருக்கும் தொந்தரவு குறையும். காற்றை அமுக்கும்போது அது சூடாகும். டேங்கிலும் குழாயிலும் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். மழைக்காலத்தில் இது எக்கச்சக்கம். விமானத்தின் இறக்கையில் ஒரு துளி தெறித்தால் போதும், செய்த வேலை பாழ். கம்ப்ரஸரில் உள்ள ஃபில்டர் முழுக்க ஆறாத காற்றைத்தான் பார்க்கிறது, அதனால் பிரஷ்ஷுக்குக் கீழே குழாயில் இன்னொரு குட்டி ஃபில்டரும் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். குழாய், ஃபிட்டிங் எல்லாம் தென் மும்பையில் ஹார்டுவேர் கடைகள் உள்ள நாக்தேவி தெருவில் தேடலாம். பிரஷ்ஷைக் கையோடு கொண்டுபோய் மரையைப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

பெயிண்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, முதலில் காகிதத்தில் அடித்துப் பழகுங்கள். ஒரே அறையில் தூங்கி எழுகிறவர் என்பதால் அக்ரிலிக்கிலேயே ஆரம்பிப்பது நல்லது. அதற்கும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகத்தில் மாஸ்க் வேண்டும். லேக்கர் (நெடியடிக்கும் தின்னரில் கரைக்கும் பெயிண்ட்) என்றால் என்95 போதவே போதாது, அது தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் போட்ட ரெஸ்பிரேட்டர்தான் வேண்டும். அடுப்பு எரியும் பக்கம் லேக்கரைக் கொண்டுபோகவே கூடாது. ஜூலை, ஆகஸ்ட்டில் பளபளப்பு லேக்கர் வார்னிஷ் அடித்தால் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் ஒட்டும் வேலையை முடித்து வைத்துக்கொண்டு, வார்னிஷை மழை ஓய்ந்தபின் அக்டோபரில் அடியுங்கள்.