அமெரிக்காவின் கல்லா மக்களிடம் வாய்மொழிக் கதைகளை நேரில் கேட்க எங்கே போக வேண்டும்? அவர்கள் பேசுவது உடைந்த ஆங்கிலம்தானே?

முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதுதான் சுட்டது, அதனால்தான் அடுப்பை அணைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் விடுமுறைக்குச் சார்ல்ஸ்டன் பக்கம் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தென் கரோலினாவின் செயின்ட் ஹெலினா தீவில் பென் மையம் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்காக 1862இல் பள்ளியாகத் தொடங்கிய இடம். அங்கே போங்கள்.

இனி அந்த 'உடைந்த ஆங்கிலம்'. ('கல்லா' என்ற இந்த மக்களின் பெயரைத் தமிழில் எழுதுவதே வம்பு. குல்லா என்றால் தொப்பி. கல்லா என்றால் கடையின் பணப்பெட்டி, போதாததற்குப் 'படிக்காத' என்றும் பொருள்.) அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வட கரோலினாவிலிருந்து வட புளோரிடா வரை கடலோரத்திலும் தீவுகளிலும் வாழ்கிறார்கள்.

நான் சார்ல்ஸ்டனை அடுத்த மவுண்ட் பிளசன்டில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த தெருவில் இந்த மக்களில் ஒருவரான ஒரு பாட்டியம்மா, ஸ்வீட்கிராஸ் என்னும் கடலோரப் புல்லில் கூடை செய்பவர். 'பின்னுகிறீர்களா' என்று கேட்டால் பிடிக்காது, தைக்கிறேன் என்பார். தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பால் புல்சுருளில் துளையிட்டு, பனையோலை போன்ற பால்மெட்டோ கீற்றை நுழைத்து இழுப்பார். இதே தையலில்தான் அந்தக் காலத்தில் நெல் புடைக்கும் முறமும் செய்தார்களாம்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. சனிக்கிழமைகளில் அவர் காலடியில் உட்கார்ந்து கதை கேட்பாள். தோலைக் கழற்றி வைத்துவிட்டு, இரவில் தூங்குபவர் நெஞ்சின் மேல் ஏறி உட்காரும் சூனியக்காரி. வாசலில் துடைப்பத்தைப் போட்டுவைத்தால், ஈர்க்குகளை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்காமல் அவளால் உள்ளே வர முடியாது. எண்ணி முடிப்பதற்குள் 'டே கிளீன்', விடிந்துவிடும். பொழுது வெளுத்தது என்கிறோமே, அதற்குப் பக்கத்து வீட்டுச் சொல். அந்த மொழியில் அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் 'ஈ' ஒன்றே போதும்.

ஒரு நாள் மகளும் சூனியக்காரியை 'ஈ' என்றாள். பாட்டியம்மாவின் எதிரிலேயே, "ஒழுங்கான ஆங்கிலத்தில் சொல், பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள்" என்றேன். அதையும் என் திருநெல்வேலி ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டிக் காம்புகூட நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பதைப் போன்ற ஆங்கிலத்தில் கதை வந்தது. சூனியக்காரி 'ஷீ' ஆகிவிட்டாள். மகள் பாதியில் எழுந்து போய்விட்டாள். ஏழெட்டு வாரம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் அவராகவே சொன்னார்: சிறுமியாக இருந்தபோது வகுப்பில் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டதற்காக ஆசிரியை அளவுகோலால் அடித்தாராம். எந்த விரல் என்று காட்டினார்.

'மகளின் நன்மைக்குத்தானே சொன்னீர்கள்' என்று எழுத வருபவர்களுக்கு: ஆமாம், அதற்குத்தான். அந்த ஆசிரியையும் அதையேதான் சொல்லியிருப்பார். மொழியியல் எனக்குத் தெரியாது, நான் கணக்கு எழுதுபவள். ஆனால் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியறிஞர் 1930களில் தீவு தீவாகப் போய் இவர்கள் பேச்சைப் பதிவுசெய்தார். லண்டனுக்குப் போய் ஆப்பிரிக்க மொழிகளைப் படித்தார். ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சொற்களை 1949இல் நூலாகவே போட்டுக் காட்டினார். அவற்றில் பெரும்பாலானவை ஆட்பெயர்கள்.

ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக்கில் அமீலியா டாலி என்ற பெண் அவரிடம் பாடிய சில வரிகள், மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் பேசப்படும் மெண்டே மொழி. பாடியவருக்குப் பொருள் தெரியாது. குழந்தைப் பாட்டைப் போல மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். உண்மையில் அது இறந்தவர்களுக்கான சடங்கில் பெண்கள் பாடுவது. சியரா லியோனின் ஒரு சிற்றூரில் பெண்டு ஜபாட்டி என்பவர் அதே பாட்டைத் தம் பாட்டியிடம் கற்று வைத்திருந்தார். 1997இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தார். நல்லவேளை, அமீலியா பாடும்போது திருத்துவதற்கு நான் பக்கத்தில் இல்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 17ஆம் எண் நெடுஞ்சாலையோரக் கூடைக் கடைகளில் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். ஊரிலிருந்து வந்த என் நாத்தனார், நாள்கணக்கில் தைத்த கூடையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்மூரில் இது நூறு ரூபாய்" என்றார். தமிழில்தான் சொன்னார், ஆனால் முகம் எல்லா மொழியிலும் புரியும். அன்று மாலை காப்பிக்கு ஆறு டாலர் கொடுத்தபோது அவர் வாயே திறக்கவில்லை. அந்தப் புல்லைப் பறிக்கவும் இப்போது அலைய வேண்டியிருக்கிறது. அது வளர்ந்த கரையையெல்லாம் வளைத்து வீடு கட்டிவிட்டார்கள். அந்த மாதிரிக் குடியிருப்பு ஒன்றில்தான் நானும் இருக்கிறேன், மறைப்பானேன்.

மகள் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறாள்; கதையில் 'ஈ' திரும்பிவிட்டதாம். நான் வாசலில் தலையைக் காட்டினால் மட்டும் இன்றைக்கும் 'ஷீ'தான்.