பேடே கடன் தடையற்ற சந்தைக்கு ஒத்துவருமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் அடுத்த சம்பளம் வரும்வரை சமாளிக்க வாங்குகிற பேடே கடனைப் பற்றித்தான் இன்றைக்குக் கேள்விகள். டெக்சாஸில் அந்தத் தொழிலின் கணக்குப் பிரிவில் சில வருடம் வேலை பார்த்திருக்கிறேன். சந்தையை நம்புகிற ஆள் நான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரை: இது நம்ம ஊர் கந்துவட்டிதானே சார்?

கணக்கைப் பார்த்தால் அதைவிட மோசம். 100 டாலருக்கு 15 டாலர் கட்டணம், இரண்டு வாரத் தவணை என்பது அங்கே சாதாரணம், ஆண்டுக்கு 391 சதவீதம் வருகிறது. நம் பேச்சில் சொன்னால் 32 வட்டி, இங்கே பத்து வட்டிக்கே குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. ஆனால் கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் தமிழ்நாட்டில் 2003 சட்டப்படி குற்றம், பேடே கடைக்கோ பல மாநிலங்களில் உரிமம் உண்டு. வசூலுக்கு வாசலில் ஆள் வந்து நிற்க மாட்டான், உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்வான். அதனால்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்: கையெழுத்துப் போடும் முன் மொத்தம் எத்தனை டாலர் போகும் என்று கேளுங்கள், கணக்கில் கைவைக்கும் அனுமதியை யோசிக்காமல் கொடுக்காதீர்கள்.

நியூ ஜெர்சி: விவரம் தெரிந்த இரண்டு பேர் சம்மதித்துப் போடும் ஒப்பந்தத்தில் அரசுக்கு என்ன வேலை? சந்தையை நம்புகிறவர் நீங்களே இதை எதிர்க்கலாமா?

கடனை எதிர்க்கவில்லை. அவசரத்துக்கு 300 டாலர் வேண்டியவனுக்கு அதைத் தர ஒருவன் முன்வந்தால், ஆபத்துக்கு ஏற்ற விலையைக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. சின்னத் தொகை, கடை வாடகை, திரும்ப வராத கடன் எல்லாம் சேர்த்தால் வட்டி வீதம் ஏறத்தான் செய்யும்.

என் சிக்கல் வேறு. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் ஆராய்ந்தபோது, ஐந்தில் நான்கு கடன்களுக்கு மேல் 14 நாளுக்குள் புதுப்பிக்கப்பட்டன, அல்லது அதன் பின்னாலேயே இன்னொரு கடன் வாங்கப்பட்டது. புதுப்பிப்பது என்றால் கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு அசலை அடுத்த தவணைக்குத் தள்ளுவது. பியூ என்ற அமெரிக்க அறக்கட்டளையின் 2012 ஆய்வுப்படி, சராசரியாக ஒருவர் 375 டாலர் கடனை வருடத்தில் எட்டு முறை எடுத்து 520 டாலர் கட்டணம் கட்டுகிறார், ஐந்து மாதம் கடனிலேயே இருக்கிறார். பலகையில் எழுதியிருப்பது இரண்டு வாரத்து விலை, ஆனால் விற்கிற சரக்கு ஐந்து மாதக் கடன். சந்தை என்பதே விலையைப் பார்த்து மனிதன் முடிவெடுப்பது. அந்த விலையே கண்ணுக்குத் தெரியாவிட்டால் சம்மதம் எங்கே இருக்கிறது? தெருவுக்கு மூன்று கடை இருந்தும் கட்டணம் பெரிதாகக் குறைவதில்லை, மாநிலம் அனுமதித்த உச்சத்தை ஒட்டியே நிற்கிறது. வாங்குகிறவர் பக்கத்துக் கடை, உடனே பணம் என்றுதான் போகிறார். கொலராடோ 2010இல் இதற்கு ஒரு வழி கண்டது. குறைந்தது ஆறு மாதம், தவணை தவணையாகக் கட்டலாம் என்று மாற்றினார்கள். ஏறக்குறைய பாதிக் கடைகள் மூடின, ஆனால் கடன் கிடைப்பது நிற்கவில்லை, வாங்கியவர்களின் செலவும் குறைந்தது.

சென்னை: 400% கொள்ளை இல்லையா? ஒரே அடியாகத் தடை செய்ய வேண்டியதுதானே?

தேவை தடையால் மறையாது. 2007இல் ஒரேகான் 36 சதவீத உச்சவரம்பு வைத்ததும், பலர் வங்கி ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுப்பது) பக்கமும் பில்லைத் தாமதமாகக் கட்டும் பக்கமும் போனார்கள். ஒரு முறை பணம் பற்றாமல் போனால் 35 டாலர் வரை பிடிக்கிற வங்கிகள் அப்போது நிறைய.

டொராண்டோ: இவ்வளவு வட்டி அநியாயம் இல்லையா?

நியூ ஜெர்சிக்காரருக்குச் சொன்னதேதான், ஆபத்துக்கு ஏற்ற விலை.

லண்டன்: தடையற்ற சந்தைக்குத் தந்தை என்கிற ஆடம் ஸ்மித்தே வட்டிக்கு வரம்பு வேண்டும் என்றவர். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆமாம், 1776இல் ஸ்மித் சட்ட வரம்பை ஆதரித்தார். அப்போது இங்கிலாந்தில் அது 5 சதவீதம். வரம்பு இல்லாவிட்டால் பணம் ஊதாரிகளிடமும் கனவுத் திட்டக்காரர்களிடமும் போய்விடும் என்பது அவர் கவலை. 1787இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் அந்த வரம்பே கூடாது என்று அவருக்கே எதிராக எழுதினார். 1854இல் இங்கிலாந்து வட்டிச் சட்டங்களை நீக்கியது.

லண்டன் (மறுபடியும்): அப்படியென்றால் பெந்தாம் ஜெயித்தார். எங்கள் ஊரில் வோங்கா என்ற பேடே கடன் நிறுவனத்தைக் கொன்றது சந்தை அல்ல, அரசு.

பெந்தாமை முழுதாகப் படியுங்கள் ஐயா. வயது வந்த, புத்தி தெளிந்த மனிதன், சுதந்திரமாக, கண்ணைத் திறந்துகொண்டு செய்யும் பேரம் என்றுதான் அவர் சொன்னார். அந்தக் கடைசி நிபந்தனைக்காகத்தான் இவ்வளவு நேரமாக மல்லுக்கட்டுகிறேன். வோங்கா இல்லாத வக்கீல் அலுவலகங்களின் பெயரில் கடனாளிகளுக்கு மிரட்டல் கடிதம் அனுப்பியது, அதற்காக 2014இல் 26 லட்சம் பவுண்டு இழப்பீடு தர வேண்டி வந்தது. ஏமாற்று வேலையை எந்தச் சந்தைவாதியும் காப்பாற்ற மாட்டான். 2015 ஜனவரியில் நாளுக்கு 0.8 சதவீதம், வட்டியும் கட்டணமும் சேர்ந்து கடன் தொகைக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு வந்தது உண்மை. ஆனால் 2018 ஆகஸ்டில் வோங்கா கவிழ்ந்தபோது கழுத்தை நெரித்தவை, கட்ட முடியாதவர்களுக்குக் கொடுத்த பழைய கடன்கள் மீது குவிந்த இழப்பீட்டுக் கோரிக்கைகள். செய்த சேதத்துக்குக் காசு கட்டுவதும் சந்தை விதிதான்.

ஹூஸ்டன்: அப்போ 2013இல் அமெரிக்க நீதித்துறை வங்கிகளை நெருக்கி இந்தக் கடைகளின் கணக்கை மூட வைத்தது சரியா?

தவறு. சட்டப்படி நடக்கும் தொழிலைப் பின்வாசல் வழியாக மூட அரசுக்கு அதிகாரம் கிடையாது.

சேலம்: லோன் ஆப்பில் 5,000 வாங்கினேன், ஃபோனில் இருக்கிற எல்லாருக்கும் மெசேஜ் அனுப்புகிறார்கள்.

தம்பி, இந்திய ஆப்கள் என் துறை இல்லை. ரிசர்வ் வங்கியின் விதிகள்படி உங்கள் தொடர்பு எண்களை அவர்கள் எடுக்கவே கூடாது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துப் புகார் கொடுங்கள்.

கொழும்பு: 391 சதவீதம் கொள்ளை...

இதற்கு இனிமேல் பதில் எழுத மாட்டேன்.

டாலஸ்: அண்ணா, நானே மாட்டியிருக்கிறேன். 400 டாலர், மூன்றாவது தடவை புதுப்பிக்கச் சொல்கிறார்கள்.

தங்கச்சி, புதுப்பிக்காதீர்கள். கட்டணம் மட்டும் போகும், அசல் அப்படியே நிற்கும். அவர்கள் பணம் எடுக்கும் தேதிக்கு மூன்று வேலை நாள் முன்பாவது உங்கள் வங்கியில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், கடன் கடைக்கும் அனுமதியை ரத்து செய்வதாக எழுத்தில் அனுப்புங்கள். கடன் தீர்ந்துவிடாது, ஆனால் வாடகைப் பணம் தப்பும். அப்புறம் தவணையாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள். பக்கத்தில் கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவுக் கடன் சங்கம்) இருந்தால் பேடே மாற்றுக் கடன் தருகிறார்களா என்று விசாரியுங்கள், அதில் வட்டி ஆண்டுக்கு 28 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இன்றைக்கே வங்கிக்குப் போங்கள், மற்றவர்களுக்கு நாளைக்கு எழுதுகிறேன்.