ஐந்தடிக்கும் குறைந்த அலைப்பலகை: கேள்வி பதில்

கடலலையில் நின்று சறுக்கும் அலைப்பலகைகளில் ஐந்தடி, அல்லது அதற்கும் குட்டையானவற்றை வடிவமைப்பது, செய்வது, ஓட்டுவது பற்றி மட்டும் இன்று பதில் சொல்கிறேன். கேட்பவர்கள் உடல் எடை, அனுபவம், எந்தக் கடற்கரை ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாமல் நான் சொல்லும் எந்த அளவும் உங்களுக்குப் பயன்படாது.

தெம்பனிஸ்வாசி: அக்கா, என் எடை 70 கிலோ. ஆறடிப் பலகையில் ஓரளவு நன்றாக ஓட்டுகிறேன். ஐந்தடிக்குக் கீழே போனால் மிதப்பு குறைந்துவிடாதா?

குறைய வேண்டியதில்லை. வழக்கமான ஆறடிப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: அகலம் 18¾ அங்குலம், தடிமன் 2⅜ அங்குலம். கூரிய மூக்கு, ஒடுங்கிய வால். அதன் கன அளவு ஏறத்தாழ 28 லிட்டர் வரும். இப்போது 4 அடி 10 அங்குல நீளம், 22 அங்குல அகலம், 2½ அங்குலத் தடிமன், மொட்டை மூக்கு, அகன்ற வால் கொண்ட பலகையைக் கணக்கிடுங்கள். 31 லிட்டருக்கு அருகில் வரும். ஓரடிக்கு மேல் குட்டை, ஆனால் மிதப்பு கூடுதல்.

குட்டைப் பலகை என்பது நீளப் பலகையை வெட்டிச் சிறிதாக்கியது அல்ல. நீளத்தில் இருந்த பரப்பை எடுத்து, அகலமாக நடுவிலும் வாலிலும் வைத்திருக்கிறோம். ஓரங்கள் ஏறக்குறைய இணைகோடுகளாக ஓடும். பலகை நீர்ப்பரப்பின் மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கியதும் அதைத் தாங்குவது மிதப்பு அல்ல, அடிப்பரப்பை மோதும் நீர் தரும் தூக்குவிசை. ஒரே பரப்பளவு இருந்தால், குட்டையும் அகலமுமான வடிவம் குறைந்த இழுவையில் அதிகத் தூக்குவிசை தரும். மெல்லிய அலையிலும் அது சீக்கிரம் ஓடத் தொடங்குவது இதனால்தான்.

இழப்பும் உண்டு. பலகையில் படுத்துக் கைவீசிப் போகும்போது நீரில் படியும் நீளம் குறைவு. ஆகவே அந்த வேகம் குறையும், நேர்க்கோட்டில் போவதும் கடினம். உங்கள் கால்கள் முழங்காலிலிருந்து தண்ணீரில் தொங்கும். அவற்றைச் சும்மா தொங்கவிடாமல் உதைக்கப் பழகுங்கள்.

பொங்கோல் செல்வி: இதை முதலில் செய்தது யார்?

பாப் சிம்மன்ஸிடமிருந்து தொடங்குவதே நியாயம். கலிஃபோர்னியாக்காரர், 1919இல் பிறந்தவர். வேகப்படகுகளின் அடிப்பாகம் பற்றிய அறிவியலைப் படித்து, அகன்ற வாலும் இரட்டை ஃபின்னும் (வாலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு) கொண்ட பலகைகளைச் செய்தார். 1954இல் லா ஹோயாவின் விண்டன்சீ கடற்கரையில் அலையோட்டும்போதே இறந்தார். அவர் செய்தவை நீளமானவை. 2000களின் நடுப்பகுதியில் சான் டியாகோவில் அவருடைய கொள்கையைச் சுருக்கிச் செய்தவற்றைத்தான் ‘மினி சிம்மன்ஸ்’ என்கிறோம். இடையில் 1967இல், அதே சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் மீன்வால் பலகையை உருவாக்கினார். அது மண்டியிட்டு ஓட்டுவதற்கானது. நின்று ஓட்டலாம் என்பது பிறகு வந்தது.

மொட்டை மூக்குப் பலகை போட்டிக்கு உதவாது என்று இன்னும் சொல்பவர்கள் 2016இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் நடந்த போட்டியைப் பார்க்கட்டும். டேனியல் தாம்சன் வடிவமைத்த மொட்டை மூக்குப் பலகையில் ஸ்டூ கென்னடி அரையிறுதி வரை போனார்.

உட்லண்ட்ஸ் 82 கிலோ: எனக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

நடுத்தர அனுபவம் இருந்தால் 34 முதல் 37 வரை. எந்தக் கடற்கரை என்று எழுதவில்லையே?

பிடோக் காற்று: டிசம்பரில் தேசாருவுக்குப் போகிறேன். 4 அடி 8 அங்குலப் பலகை அங்கே சரிப்படுமா? 64 கிலோ, நான்கு ஆண்டு அனுபவம்.

நல்ல கேள்வி. சிங்கப்பூரை மேற்கே சுமத்ராவும் வடக்கே மலாயாத் தீபகற்பமும் மறைத்துக்கொண்டிருக்கின்றன. ஈஸ்ட் கோஸ்ட்டில் நமக்குக் கிடைப்பது கப்பல் எழுப்பும் அலைதான். தேசாரு இருக்கும் ஜோகூரின் கிழக்குக் கரையும் பிந்தான் தீவின் திரிக்கோராவும் தென்சீனக் கடலுக்கு முகம் கொடுத்து நிற்பதால், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அங்கே அலையைக் கொண்டுவருகிறது. அது தொலைவிலிருந்து வந்து சீராக அடுக்கிய அலை அல்ல. பக்கத்துக் காற்று கிளப்பிய அலை. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஆறிலிருந்து ஒன்பது வினாடிகள்தான் இருக்கும். முகம் கரடுமுரடு, உந்துவிசை குறைவு, உடையும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட அலைக்குக் குட்டைப் பலகை இரண்டு வகையில் பொருந்தும். அகன்ற அடிப்பரப்பு அந்தக் குறைந்த உந்துதலையும் வேகமாக்கிவிடும். நெருக்கமான அலைக்குழிகளுக்குள் குறைந்த நீளம் சிக்காமல் அடங்கும். ஆனால் மூக்கின் மேல்வளைவு அறவே இல்லாத பலகையை எடுக்காதீர்கள். கரையோரத்தில் திடீரென்று செங்குத்தாகும் அலையில் அது மூக்கை நீருக்குள் குத்திவிடும். அலைக்கு நேராக இறங்காமல், கைவீசும்போதே சாய்வாகத் திருப்பிவிட்டு எழுந்திருங்கள்.

ஓர் எச்சரிக்கை. பருவக்காற்றுக் காலத்தில் தேசாருவில் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் வலுவாக இருக்கும். பலகை உயிர்காக்கும் மிதவை அல்ல. பலகையைக் காலோடு கட்டும் காற்கயிறு அறுந்தால் நீந்திக் கரைசேர முடியாதவர் இறங்கவே கூடாது. சிவப்புக் கொடி பறந்தால் யாருமே இறங்கக் கூடாது.

செங்காங் தச்சன்: நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், பின்பக்கச் சமையலறையில் ஒரு பலகை செய்ய முடியுமா அக்கா?

செய்யாதீர்கள். பலகைக்கு உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் நுரையை இழைக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதன் மேல் பூசும் பாலியெஸ்டர் பிசினிலிருந்து வரும் ஸ்டைரீன் ஆவி அண்டை வீட்டுக் குழந்தையின் மூக்குவரை போகும். எப்பாக்சிப் பிசினில் வாடை குறைவு என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். அது வெறும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை உண்டாகும். ஒரு தடவை வந்தால் வாழ்நாள் முழுவதும் இருக்கும். உபியிலோ காக்கி புக்கிட்டிலோ தொழிற்பட்டறை வைத்திருக்கும் யாரிடமாவது மூலை ஒன்றைக் கேளுங்கள். நைட்ரைல் கையுறையும் ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் வாங்காமல் பிசினைத் திறக்காதீர்கள்.

வெள்ளைத் தெர்மகோல் வகை நுரையின் மீது பாலியெஸ்டர் பிசினை ஊற்றிவிடாதீர்கள். நுரை கரைந்துபோகும். அதற்கு எப்பாக்சி மட்டுமே.

மூன்று ஃபின் ரசிகர்: குட்டைப் பலகைக்கு மூன்று ஃபின் போதாதா?

1981இல் சைமன் ஆண்டர்சன் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் போட்டியை மூன்று ஃபின் பலகையில் வென்றதிலிருந்து மூன்று ஃபின்தான் பொது வழக்கம். அது ஒடுங்கிய வாலுக்குச் சரி. அகன்ற வாலில் நடு ஃபின் விளிம்பிலிருந்து வெகுதூரம் தள்ளிப்போய்விடுகிறது. நீங்கள் ஒரு பக்கம் சாய்க்கும்போது கடிக்க வேண்டிய ஃபின் விளிம்பருகே இருக்க வேண்டும். ஆகவே இரண்டு அகன்ற ஃபின், அல்லது நான்கு. தளர்வாக வழுக்கி ஓட விரும்பினால் இரண்டு, செங்குத்தான முகத்தில் பிடிப்பு வேண்டுமானால் நான்கு.

ஜூரோங் புயல்: சோமர்செட்டில் உள்ள செயற்கை அலையில் 4 அடி 4 அங்குலப் பலகையில் அருமையாகத் திரும்புகிறேன். அதே பலகையைக் கடலில் போட்டால் ஓர் அலையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பலகையில் குறையா?

திரிக்கோரா பழம்பெருமாள்: குளத்தில் நிற்பதெல்லாம் அலைச்சறுக்கே அல்ல தம்பி.

ஜூரோங் புயல்: அப்படியானால் என் கால் செய்வது என்ன ஐயா?

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், இது முக்கியம்.

நிலை அலையில் நீங்கள் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள், தண்ணீர் உங்களை நோக்கி ஓடி வருகிறது. எழுந்த நொடியிலேயே பலகைக்கு அடியில் வேகம் தயாராக இருக்கிறது. கடலில் அந்த வேகத்தை நீங்கள் சம்பாதிக்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் உடையும் அலை வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் நகரும். கைவீச்சில் 2 மீட்டரை எட்டுவதே பெரும்பாலோருக்குக் கடினம். மீதியை அலையின் சரிவுதான் தர வேண்டும். அந்தச் சரிவு வரும்வரை உங்களைத் தாங்கி நகர்த்தும் பரப்பு 4 அடி 4 அங்குலத்தில், அதுவும் மெல்லிய பலகையில், இல்லை. பலகையில் குறையில்லை. அது வேறு வேலைக்கு என்று செய்தது.

பழம்பெருமாள் ஐயாவின் பேச்சை நான் ஏற்க மாட்டேன். ஆழமான நிலை அலையில் ஃபின்னின் அழுத்தம், விளிம்பின் கடி, எடையை மாற்றும் நேரம் எல்லாம் மெய்யானவை. ஒரே மாலையில் ஒரே திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கக் கடல் இடம் தராது. செந்தோசாவில் முன்பு இருந்த, மெல்லிய நீர்ப்படலம் மட்டும் ஓடும் செயற்கை அலையைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஓரளவு ஒப்புக்கொள்வேன். அங்கே ஃபின்னே கிடையாது. இங்கே ஃபின் இருக்கிறது.

திரிக்கோரா பழம்பெருமாள்: அலையைப் படிக்கத் தெரியாதவன் என்ன கற்றான்? எங்கே உடையும், எப்போது திரும்ப வேண்டும் என்ற அறிவு குளத்தில் வராது.

அது உண்மை, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பாதி கற்றவரை ஒன்றுமே கற்காதவர் என்று விரட்டினால், மறு பாதியை அவர் யாரிடம் கற்பார்? ஜனவரியில் அவரைத் திரிக்கோராவுக்கு அழைத்துப் போங்கள் ஐயா. புயல், நீங்கள் 5 அடி, 32 லிட்டர் பலகையோடு போங்கள். ஆனால் முதலில் ஒன்று சொல்லுங்கள்: பலகை இல்லாமல் திறந்த கடலில் நீந்தியிருக்கிறீர்களா?

ஜூரோங் புயல்: நீச்சல் குளத்தில் மட்டும்.

அப்படியானால் ஜனவரிக்கு முன் அதைச் செய்யுங்கள். காற்கயிற்றை நம்பி யாரும் கடலுக்குப் போகக் கூடாது.

75 கிலோ: எத்தனை லிட்டர்?

மேலே இரண்டு பதில்களைப் படியுங்கள்.

அங் மோ கியோ அப்பா: மகனுக்கு 12 வயது, முதல் பலகை. 4 அடி 6 அங்குலம் அவன் உயரத்துக்குப் பொருந்தும் அல்லவா?

உயரம் பார்த்து வாங்காதீர்கள். முதல் பலகை மென்மேற்பரப்பு கொண்ட ஆறடி அல்லது ஏழடியாக இருக்கட்டும். எழுந்து நிற்கவும் சாய்ந்து திரும்பவும் தெரிந்த பிறகு குட்டைப் பலகையைப் பற்றிப் பேசலாம். அவனுக்குக் கடலில் நீந்தத் தெரியுமா என்பதை நீங்கள் எழுதவில்லை.

62 கிலோ: லிட்டர் கணக்கு சொல்லுங்கள் அக்கா.

இனி லிட்டரை மட்டும் கேட்டால் பதில் இல்லை. ஒரே 30 லிட்டரில் நல்ல பலகையும் செய்யலாம், ஓட்டவே முடியாத பலகையும் செய்யலாம். வாலின் அகலம், மூக்கின் வளைவு, விளிம்பின் தடிமன் ஆகியவற்றைக் கேளுங்கள்.

சிம்பாங் சேமிப்பு: 300 வெள்ளிக்குள் எங்கே கிடைக்கும்?

விற்பனை பற்றி நான் பேசுவதில்லை. பழைய பலகை வாங்கினால் ஃபின்னைச் செருகும் பெட்டியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

காலாங் குமிழி: திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பலகையின் மேல் ஒரு குமிழி. எப்பாக்சிப் பலகை.

வெயிலில் நுரைக்குள் இருந்த காற்று விரிந்து, கண்ணாடி இழையைப் பிரித்துவிட்டது. அமுக்கி ஒட்ட முயலாதீர்கள். பிரிந்த பகுதியை வெட்டி எடுத்து, நுரையை நன்றாக உலரவிட்டு, எப்பாக்சியும் புதிய இழையும் வைத்து மூட வேண்டும். உள்ளங்கையைவிடப் பெரியதென்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதுவரை தண்ணீரில் இறக்காதீர்கள். இந்த நுரையின் மணிகளுக்கு இடையே புகுந்த நீர் லேசில் வெளியேறாது. 4 அடி 10 அங்குலப் பலகை பின்னிருக்கையில் வசதியாக அடங்குகிறது என்பதற்காகவே பலர் அதைக் காரிலேயே விட்டுவிடுகிறார்கள். கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், சாப்பாட்டுக் கடையில் சுவரோரம் நிழலில் சாத்தி வையுங்கள்.