கால்சியம் ஊற்றியும் ஏறவில்லையா? மக்னீசியத்தை அளந்து பாருங்கள்

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் மக்னீசியம் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சார், என்னுடையது 200 லிட்டர் தொட்டி. ஒரு மாதமாகக் கால்சியம் கரைசல் ஊற்றுகிறேன். அளவு 360-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. மறுநாளே காரத்தன்மையும் இறங்கிவிடுகிறது. ஊற்றுவதெல்லாம் எங்கே போகிறது?

ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, வெளியே எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வெள்ளைப் படிவு தட்டுப்பட்டால், நீங்கள் ஊற்றிய கால்சியம் அங்கேதான் இருக்கிறது. பம்பின் சுழலியிலும் பாருங்கள். அடிமணல் கட்டி தட்டியிருந்தாலும் காரணம் இதுவே.

கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் (காரத்தன்மை என்று அளப்பது பெரும்பாலும் இதைத்தான்) சாதாரணமாகக் கரைந்து நிற்கக்கூடிய அளவைவிட அதிகமாகவே இருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். அதைத் தடுப்பது மக்னீசியம். சுண்ணாம்புப் படிகம் முளைவிட்டதும் மக்னீசியம் அதன் முகப்பில் ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு வளரவிடாமல் மறிக்கிறது. மக்னீசியம் குறைந்தால் இந்தத் தடை தளர்ந்துவிடும். பவளத்துக்குப் போக வேண்டியது ஹீட்டரில் படியும்.

இயற்கைக் கடல்நீரில் மக்னீசியம் ஏறத்தாழ 1285 பிபிஎம் (அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), கால்சியம் 410 முதல் 420. தொட்டியில் மக்னீசியம் 1250 முதல் 1350-க்குள் நின்றால் போதும். அது அந்த அளவுக்கு வரும்வரை கால்சியத்தை ஏற்றும் முயற்சியை நிறுத்திவையுங்கள்.

அளந்தேன், 1140 காட்டுகிறது. இன்றே மக்னீசியம் போடட்டுமா?

வேண்டாம். முதலில் உப்பின் அளவைப் பாருங்கள். பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்க வேண்டிய தொட்டியில் 31 இருந்தால், மக்னீசியமும் அதே விகிதத்தில் குறைந்து 1140 அளவில்தான் நிற்கும். அங்கே குறைவது மக்னீசியம் மட்டுமல்ல, எல்லாமே. உப்பைச் சில நாட்களில் மெல்ல உயர்த்தினால் மக்னீசியமும் தானாக ஏறிவிடும்.

உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரில் சுழியம் வைத்துவிட்டு நம்பிவிடாதீர்கள். 35 அளவுள்ள சரிபார்ப்புக் கரைசலில் வைத்துச் சரிசெய்யுங்கள். சென்னைக் கரையில் கடல்நீர் எடுத்துவந்து ஊற்றுபவர்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கட்டாயம் அளக்க வேண்டும். மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து அந்த நாட்களில் கடலே நீர்த்திருக்கும்.

உப்பு 35 சரியாக இருக்கிறது ஐயா. மக்னீசியம் 1200. எவ்வளவு போடுவது?

200 லிட்டர் தொட்டி என்றாலும் பாறையும் மணலும் போக நீர் 170 லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 பிபிஎம் ஏற்ற 17 கிராம் மக்னீசியம் வேண்டும். நீரேறிய மக்னீசியம் குளோரைடு பொடியில் 12 சதவீதமே மக்னீசியம் என்பதால், பொடியாக 142 கிராம் ஆகும். ஆர்.ஓ. நீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில், ஒரு நாளைக்கு 50 பிபிஎம் வீதம் இரண்டு நாட்களில் ஊற்றுங்கள். மூன்றாம் நாள் மறுபடி அளந்து பாருங்கள்.

மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பிலும் மக்னீசியம் உண்டு. ஆனால் அதை மட்டுமே தொடர்ந்து போட்டால் சல்பேட் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே பெரும்பங்கு குளோரைடாகவே இருக்கட்டும். அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டப்பாவின் மூடி தளர்ந்திருந்தால் நம் ஊர்க் காற்றில் சில நாட்களிலேயே கசிந்து பாகுபோல ஆகிவிடும். பிறகு தராசு காட்டும் எடையில் அந்தத் தண்ணீரும் சேர்ந்திருக்கும்.

அண்ணா, ஒரே நீரை இரண்டு முறை சோதித்தேன். 90 பிபிஎம் வித்தியாசம் வருகிறது.

சோதிக்கும் கையைக் கொஞ்சம் கவனியுங்கள் தம்பி. சோதனை மருந்து ஏற்றிய 1 மி.லி. சிரிஞ்ச் முழுவதும் 1500 பிபிஎம் என்று கணக்கிடும் சோதனைக் கிட்டில், 0.02 மி.லி. பிசகினாலே 30 பிபிஎம் போய்விடும். நீரை எடுக்கும் சிரிஞ்சில் குமிழி இருக்கக் கூடாது. நிறம் மாறத் தொடங்கியதும் ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்றி, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் சாயல் தெரிந்ததும் நிறுத்திவிடாமல், நிறம் முழுவதும் மாறி நிலைக்கும்வரை போக வேண்டும். எப்போதும் ஒரே விளக்கின் கீழ் சோதியுங்கள். அளவு தெரிந்த கரைசல் ஒன்றையும் அதே கிட்டில் சோதித்தால், பிழை கையிலா மருந்திலா என்பது விளங்கிவிடும்.

வாரம் ஒருமுறை அளக்க வேண்டுமா?

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். காரத்தன்மையைப் போல இது வேகமாக இறங்காது. இளஞ்சிவப்பு சுண்ணாம்புப் பாசி கண்ணாடியெங்கும் படரும் தொட்டியில் மக்னீசியம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். புது உப்பு மூட்டை பிரித்தால், கலக்கிய நீரை அன்றே அளந்துவிடுங்கள்.

பிரையாப்சிஸ் பாசியை ஒழிக்க மக்னீசியத்தை 1600-க்கு மேல் ஏற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா?

நான் செய்து பார்த்தேன். பாசி அப்படியே இருந்தது. நத்தைகள்தான் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. நீரை மாற்றி மாற்றி அளவை இறக்க மூன்று வாரம் ஆயிற்று. பாசி பிடித்த பாறையை வெளியே எடுத்து வேரோடு பிடுங்குங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.