டெட்ரா மீன்களை ஏன் கூட்டமாக வளர்க்க வேண்டும்?

டெட்ரா என்பது சாதுவான சிறு நன்னீர் மீன். கடைகளில் அதிகம் கிடைக்கும் நியோன், கார்டினல் இரண்டுமே தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தவை. கூட்டமாக நீந்தினால் எதிரியால் ஒன்றை எளிதில் குறிவைக்க முடியாது. ஆபத்தைக் கவனிக்கும் கண்களும் அதிகம். விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குள் தனியாகப் போகிறவர் ஒவ்வொரு சலசலப்புக்கும் திரும்பிப் பார்ப்பார். ஆறு பேர் பேசிக்கொண்டு போனால் அந்தப் பயம் இருக்காது. தனி டெட்ரா மூலையில் ஒதுங்கும், நிறம் மங்கும், தீனி எடுக்காது. ஒரே இனத்தில் குறைந்தது 6, முடிந்தால் 10 வாங்குங்கள். 60 லிட்டர் தொட்டி வேண்டும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தகரக் கூரை வீடுகளில் பிற்பகலில் தண்ணீர் எளிதில் சூடேறும். நியோனுக்கு 22 முதல் 26 டிகிரிதான் ஏற்றது. கார்டினல் 28 வரை தாங்கும், ஆகவே நம் ஊருக்கு அதுவே தேவலை. மூடியைத் திறந்து சிறு காற்றாடி வைத்தால் சூடு தணியும் (வலை போடுங்கள், துள்ளி விழும்). வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலக்காமல் ஊற்றக்கூடாது.

எப்போதும் ஒட்டி ஒட்டி நீந்தினால் மகிழ்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் பயம், பயமில்லாத டெட்ராக்கள் தளர்வாகப் பரவியே திரியும்.