காப்பர் டேப் ஒட்டினால் பேஸ் கிட்டாரின் இரைச்சல் போய்விடுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஜாஸ் பேஸ் மாதிரியில் செய்த நாலு தந்தி பேஸ் கிட்டார். நேராக ஆம்பில் சொருகினால் இரைச்சல் பெரிதாகத் தெரிவதில்லை. நடுவில் கம்ப்ரெஸர் (சத்தத்தைச் சமப்படுத்தும் பெடல்), ஓவர்டிரைவ் (கரகரப்பூட்டும் பெடல்) இரண்டும் வந்துவிட்டால், வாசிப்பதை நிறுத்திய மறுநொடியே 'ங்ம்ம்ம்' என்று கிளம்புகிறது. தந்தியைத் தொட்டால் பாதி குறைகிறது. உள்ளே காப்பர் டேப் ஒட்டச் சொல்கிறார்கள். எவ்வளவு வேண்டும், எப்படி ஒட்டுவது, இரைச்சல் முழுதாகப் போய்விடுமா?

பதில்: முழுதாகப் போகாது. தந்தியைத் தொட்டால் எந்தப் பாதி குறைகிறதோ, அந்தப் பாதிதான் டேப் ஒட்டினாலும் போகும். மீதிப் பாதிக்கு வைத்தியம் வேறு. இது தெரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒட்டிவிட்டு, 'ஒன்றும் ஆகவில்லையே' என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். ஆகவே முதலில் சோதனை.

பெடல்கள் எதுவும் இல்லாமல் கிட்டாரை நேராக ஆம்பில் சொருகி, ஒரு பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும், காந்தமும் சுருளும் கொண்ட பாகம்) வால்யூமை மட்டும் முழுதாகத் திறந்து, மற்றதை மூடுங்கள். தந்தியில் கை படாமல் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். ஒரு திசையில் அடித்தொண்டை ரீங்காரம் ஏறும். கால் வட்டம் திரும்பினால் ஏறக்குறைய அடங்கிவிடும். திசைக்குத் திசை மாறும் இந்தச் சத்தம் காந்தப்புலத்தால் வருவது. ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர், சுவரில் ஓடும் மின்கம்பி, விளக்கின் டிம்மர் ஆகியவற்றின் காந்தப்புலம் பிக்கப்பின் சுருளில் நேரடியாக மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. மெல்லிய செம்புத் தகடு 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைத் தடுக்காது. அது அப்படியே ஊடுருவிப் போய்விடும்.

இப்போது தந்தியைத் தொடுங்கள். 'கிர்ர்' என்ற கூரான சரசரப்பு மட்டும் சட்டென்று குறைந்தால், அது மின்புலத்தால் வந்தது. உங்கள் உடம்பே ஒரு ஆன்டெனா மாதிரி மின்கம்பிகளின் புலத்தை வாங்கி, பக்கத்தில் இருக்கும் பிக்கப்புக்கும் ஒயர்களுக்கும் கடத்துகிறது. தந்தி பிரிட்ஜ் (கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகத் தகடு) வழியாக கிரவுண்டுடன் (மின்சுற்றின் பொதுவான பூஜ்ஜிய முனை) சேர்ந்திருப்பதால், அதைத் தொட்டதும் உடம்பும் கிரவுண்ட் ஆகிவிடுகிறது. காப்பர் டேப் செய்வதும் இதே வேலைதான். நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும் செய்யும்.

வேறு இரண்டு விளைவுகள் வந்தால் டேப்பை வாங்கவே வேண்டாம். தொட்டதும் சத்தம் அதிகமானால், ஜாக்கில் (கேபிள் சொருகும் துளை) ஹாட் ஒயரும் (ஒலியின் மின்சாரம் போகும் ஒயர்) கிரவுண்ட் ஒயரும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். தொட்டாலும் விட்டாலும் எந்த மாற்றமும் இல்லாமல் உரக்கக் கத்தினால், பிரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயரைச் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பிரிட்ஜிலும், மற்றதை ஜாக்கில் சொருகிய கேபிளின் மறுமுனைப் பிளக்கில், நுனியை விட்டு, நீண்ட உலோகத் தண்டிலும் வையுங்கள். 1 ஓமுக்கு மேல் போகக்கூடாது. (முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, அது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள்.) கூடுதலாகக் காட்டினால் பிரிட்ஜைக் கழற்றுங்கள். அடியில் ஒயரின் நுனி பச்சையாகக் களிம்பேறி இருக்கும், அல்லது பிரிட்ஜின் அடித்தகட்டில் பெயின்ட் ஒட்டியிருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, ஒயர் இழைகளை விசிறி போல விரித்து வைத்து, மறுபடி இறுக்குங்கள்.

உங்கள் கிட்டாரில் இரண்டு சத்தமும் கலந்திருக்கின்றன. முதலில் டேப் வேலை.

50 மில்லிமீட்டர் அகல டேப் 3 மீட்டர் இருந்தால் ஜாஸ் பேஸின் கன்ட்ரோல் குழிக்கும் (வால்யூம் குமிழ்களும் ஜாக்கும் இருக்கும் குழி) இரண்டு பிக்கப் குழிகளுக்கும் தாராளமாகப் போதும். பசையும் மின்சாரம் கடத்தும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். உறையில் எழுதியிருப்பதை நம்பாமல் சோதியுங்கள்: காகிதத்தின் மேல் இரண்டு துண்டுகளை ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் ஏறும்படி ஒட்டி, இரண்டின் மேற்பரப்புக்கும் நடுவே மீட்டரால் அளந்து பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்டினால் நல்ல பசை. மீட்டர் அசையவே இல்லை என்றால் வேலை கெடாது, ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு ஈயம் வைக்க வேண்டியிருக்கும். இதோடு 40 வாட் சால்டரிங் அயர்ன், ரோஸின் உள்ள 0.8 மில்லிமீட்டர் ஈயம், இன்சுலேஷன் டேப், கூரான கத்தி, ஐஸ்கிரீம் குச்சி போன்ற ஒரு மரக்குச்சி.

எதையும் கழற்றும் முன் ஒயரிங்கை நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தந்திகளைத் தளர்த்துங்கள், கன்ட்ரோல் தகட்டைத் திறங்கள், பிக்கப்புகளைத் தூக்குங்கள். அவற்றின் அடியில் உள்ள பஞ்சையோ ஸ்பிரிங்கையோ தொலைத்துவிடாதீர்கள். பிக்கப் ஒயர்களையும் பிரிட்ஜ் கிரவுண்டையும் மட்டும் பற்று நீக்கினால் தகடு முழுதாக வெளியே வந்துவிடும். குழியில் உள்ள மரத்தூளைத் தூரிகையால் துடைத்து எடுங்கள். தூசி மேல் ஒட்டிய டேப் சில மாதங்களில் உரிந்து ஒயர்கள் மேல் சாயும்.

முதலில் அடித்தளம். காகிதத்தில் குழியின் வடிவத்தை வரைந்து, எல்லாப் பக்கமும் 6 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். அந்தக் கூடுதல் ஓரத்தில் விரற்கடைக்கு ஒரு வெட்டு போட்டால்தான் வளைவில் சுருங்காமல் சுவர் மேல் ஏறும். அடுத்து சுவர்கள், அடித்தளத்தின் மேல் படியும்படி. சுவரின் மேல் விளிம்பை 5 மில்லிமீட்டர் அளவு கிட்டாரின் முகப்பு மேல் மடித்து ஒட்டுங்கள். கன்ட்ரோல் தகடு இந்த மடிப்பின் மேல் அமர்ந்துதான் கிரவுண்டைக் கொடுக்கிறது. மடிப்பு தகட்டுக்கு வெளியே தெரியக்கூடாது. பிறகு குச்சியால் எல்லா இணைப்புகளையும் அழுத்தித் தேயுங்கள். செம்பின் ஓரம் பிளேடு மாதிரி வெட்டும்; விரலால் தேய்க்காதீர்கள்.

பிக்கப் குழிகளை கன்ட்ரோல் குழியோடு இணைக்கும் துளை ஒடுக்கமானது, அதற்குள் டேப் ஒட்ட முடியாது. ஒவ்வொரு பிக்கப் குழியின் செம்பிலும் ஒரு ஒயரைப் பற்றவைத்து, துளை வழியாகக் கொண்டுவந்து, ஏதாவது ஒரு வால்யூம் 'பாட்'டின் (குமிழின் அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்) முதுகில் சேருங்கள். இந்த ஒயரை விட்டுவிட்டால், கிரவுண்ட் இல்லாத செம்புப் பெட்டி பிக்கப்பைச் சுற்றி நின்று இரைச்சலை இன்னும் கூட்டவே செய்யும். 'ஒட்டிய பிறகு மோசமாகிவிட்டது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

பாட்டின் முதுகில் ஈயம் ஒட்டவில்லை என்றால், உப்புத்தாளால் ஒரு இடத்தைச் சுரண்டி, அயர்ன் முனையின் அகலப் பக்கத்தை வைத்து, ஈயம் தண்ணீராகப் பரவிய உடனே எடுத்துவிடுங்கள். சூடு போதாத 15 வாட் அயர்னை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பதுதான் பாட்டின் உள்ளே உள்ள கார்பன் பாதையைக் கெடுக்கிறது. நல்ல பற்று பளபளப்பாகச் சரிந்து படிந்திருக்கும். உருண்டையாக நின்றால் மறுபடி செய்யுங்கள்.

இனி, பலர் தடுக்கி விழும் இடம். ஜாக்கில் பிளக்கின் முனையைப் பிடிக்கும் நாக்கு, பிளக் நுழைந்ததும் பக்கவாட்டில் விரியும். வெறும் ஜாக்காக இருக்கும்போது சுவரிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி நின்ற அந்த நாக்கு, பிளக் உள்ளே போனதும் செம்பில் முட்டும். ஹாட் நேராக கிரவுண்டில் சேர்ந்து கிட்டார் ஊமையாகிவிடும். மேசையில் மீட்டர் வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரி, சொருகினால் சத்தமே இல்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள். ஜாக்குக்கு எதிரே உள்ள சுவரிலும், பிக்கப்பின் அடியில் ஒயர் முனைகள் தெரியும் இடத்திலும், இன்சுலேஷன் டேப் ஒரு அடுக்கு ஒட்டிவிடுங்கள். ஆர்வக்கோளாறில் பிக்கப் சுருளையே செம்பால் சுற்றவேண்டாம். முழு வளையமாகச் சுற்றினால் அது தனி ஒரு சுற்றுப்போல நடந்துகொண்டு மேல்சுரங்களை மந்தமாக்கும்.

எல்லாவற்றையும் பற்றவைத்ததும், தந்தி இறுக்கும் முன் கேபிளைச் சொருகி அதன் மறுமுனையில், பிளக்கின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே, அளந்து பாருங்கள். ஒரு வால்யூம் முழுதாகவும் மற்றது மூடியும் இருந்தால் 7 கிலோ ஓம் அளவிலும், இரண்டும் திறந்திருந்தால் அதில் பாதியும் காட்டுவது வழக்கமான ஜாஸ் பிக்கப்புகளுக்கு இயல்பு. 0 காட்டினால் ஷார்ட். நூறு கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் பிக்கப் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது.

இப்போது காந்தப் பாதி. ஃபெண்டர் 1960-ல் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் வடிவமைப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஒரு பிக்கப்பின் காந்தமும் சுருள் சுற்றிய திசையும் மற்றதற்கு நேரெதிராக இருந்தால், இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருக்கும்போது ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் சத்தம் மட்டும் சேரும். ஒரு வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே சமநிலை கெட்டு ரீங்காரம் திரும்பிவிடும். உங்கள் கிட்டாரில் இரண்டும் முழுதாக இருந்தும் அடங்கவில்லையா? ஒரு திசைகாட்டியை ஒவ்வொரு பிக்கப் மேலும் கொண்டுபோங்கள். ஒன்று முள்ளின் வடமுனையையும் மற்றது தென்முனையையும் இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே முனையை இழுத்தால், யாரோ ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அது ஜோடி இல்லை. முனைகள் எதிரெதிராக இருந்தும் ரீங்காரம் கூடி, அடிச்சுரம் மெலிந்து கேட்டால், ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் பற்றவைத்தால் தீரும்.

ஒரே பிக்கப்பில் வாசிப்பதுதான் உங்களுக்குப் பிடித்த தொனி என்றால், அதே அளவுப் பெட்டிக்குள் இரண்டு சுருள் வைத்த ரீங்காரம் நீக்கும் பிக்கப்தான் நிரந்தரத் தீர்வு. பிரிசிஷன் பேஸில் 1957 முதல் இருக்கும் இரண்டாகப் பிளந்த பிக்கப்பின் தத்துவம்தான் இது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள் அடுக்கிய வகையும் உண்டு, பக்கத்தில் பக்கமாகப் பிரித்த வகையும் உண்டு. குரல் கொஞ்சம் மாறும். அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

ஈக்குவலைசரில் 50 ஹெர்ட்ஸை வெட்டிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் 'ஜி' 49 ஹெர்ட்ஸ், திறந்த 'ஏ' தந்தி 55 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தோடு உங்கள் அடிச்சுரமும் போய்விடும். அப்படிச் செய்தும் 100, 150 ஹெர்ட்ஸில் இரைச்சலின் கிளைகள் அப்படியே நிற்கும்.

கடைசியாக பெடல்கள். கம்ப்ரெஸர் சத்தம் பெரிதானால் அமுக்கி, சிறிதானால் தூக்கிவிடுகிறது. ஆகவே வாசிப்பு நின்றதும் அது தூக்கிவிடுவது இரைச்சலைத்தான். 'மறுநொடியே கிளம்புகிறது' என்று நீங்கள் எழுதியது இதைத்தான். அதன்பின் ஓவர்டிரைவ் 20 டெசிபல் கூட்டினால் மின்னழுத்தத்தில் 10 மடங்கு. கம்ப்ரெஸரின் விகிதத்தை 4:1-க்குக் கீழே வைத்து, வெளியீட்டுக் குமிழை பெடல் போட்டாலும் எடுத்தாலும் ஒரே அளவு கேட்கும்படி நிறுத்துங்கள். பெடல்களை 9 வோல்ட் பேட்டரியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் குற்றவாளி கிட்டார் அல்ல, எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்த ஒயர். தனித்தனியாகப் பிரித்த வெளியீடு உள்ள பவர் சப்ளை வேண்டும். நாய்ஸ் கேட் (சத்தம் சிறுத்ததும் கதவு போல மூடிவிடும் பெடல்) வைப்பதானால் ஓவர்டிரைவுக்குப் பின்னால் வையுங்கள், கதவு மூடும் நேரத்தை நீளமாக விடுங்கள். இல்லையென்றால் நீண்ட சுரங்களின் வாலை அறுத்துவிடும்.

ரீங்காரம் குறைகிறதே என்று ஆம்பின் பிளக்கில் உள்ள எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். உங்கள் விரல்கள் தொட்டுக்கொண்டிருக்கும் தந்தி ஆம்பின் உடலோடு நேராக இணைந்திருக்கிறது. உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய் உடலில் பட்டால், மெயின் மின்சாரம் உங்கள் கைக்கு வரும்.