மூவரில் யாரைத் துரத்துவது?

கேள்வி: டாம் டிக்வரின் 'ட்ரை' (மூன்று) என்ற ஜெர்மன் படம் பார்த்தேன். சேர்ந்து வாழும் ஹன்னாவும் சைமனும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஆதாம் என்ற ஒரே ஆளுடன் பழகுகிறார்கள். கடைசியில் மூவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. இதைக் காதல் நகைச்சுவை என்று கொண்டாடலாமா?

பதில்: தாராளமாகக் கொண்டாடலாம். தண்டனை இல்லை என்கிறீர்களே, சைமனுக்கு அவசரமாகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடக்கும் இரவில்தான் ஹன்னா ஆதாமுடன் இருக்கிறாள். சைமனுடைய அம்மாவுக்கும் புற்றுநோய் வருகிறது, அவர் இறந்தும்போகிறார். இதையெல்லாம் காட்டிய டைரக்டர் துரோகத்தை லேசாக எடுத்துக்கொண்டார் என்று என்னால் சொல்ல முடியாது. இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இருவரின் வாசலில் சாவு வந்து நிற்கிறது. மிச்ச வாழ்க்கையை எப்படி வாழ்வது என்று இருவரும் தவிக்கிறார்கள். படம் அந்தத் தவிப்பைப் பற்றியது.

முக்கோணக் காதல் என்றாலே ஒருவரைக் கெட்டவராக்கித் துரத்திவிட்டு மற்ற இருவரைச் சேர்த்துவைப்பதுதான் சினிமா வழக்கம். டிக்வர் அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. கர்ப்பமான ஹன்னா ஆதாமின் வீட்டுக்குப் போனால் அங்கே சைமன் இருக்கிறான். மூவருக்கும் ஒரே நேரத்தில் எல்லாம் விளங்கிவிடுகிறது. சிரிக்கிறோம், வலிக்கவும் செய்கிறது. ஹன்னாவாக நடித்த சோஃபி ரோயிஸுக்கு 2011-இல் சிறந்த நடிகைக்கான ஜெர்மன் திரைப்பட விருது கொடுத்தது மிகச் சரி.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக வைத்திருந்த 175-ஆவது பிரிவு ஜெர்மனியில் முழுவதும் ஒழிந்தது 1994-இல்தான். அதே வருஷம் வந்த 'டேர் பெவெக்டே மன்' என்ற ஜெர்மன் நகைச்சுவைப் படம், காதலி துரத்திவிட்ட ஒருவன் ஓரினக் காதலர்களிடம் போய் ஒண்டிக்கொள்கிற கதை. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தியேட்டரில் பார்த்தார்கள். நல்ல படம்தான். ஆனால் 'இவனும் அப்படியோ' என்ற சந்தேகத்தை வைத்தே அதில் பாதிச் சிரிப்பு. 2010-இல் வந்த 'ட்ரை'யில், பெர்லினின் ஸ்ப்ரே நதியில் மிதக்கும் நீச்சல் குளத்தில் சைமனும் ஆதாமும் நெருங்கும்போது படம் சைமனைக் கேலிப் பொருளாக்கவே இல்லை. பதினாறு வருஷத்தில் ஒரு நாட்டின் நகைச்சுவை இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம், படத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. ஆதாம் எதற்கும் அலட்டிக்கொள்ளாத அழகான ஆராய்ச்சியாளன், அவ்வளவுதான். அவனுக்கு என்ன பயம், எதை இழப்பான் என்று கடைசிவரை தெரிவதில்லை. அதைவிட மோசம், உண்மை தெரிந்து பிரிந்துபோனவர்கள் திரும்பச் சேர்வதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டியது மலைபோல் இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஹன்னா சைமனிடம் கேட்டிருக்க வேண்டும், அவனும் அவளிடம் கேட்டிருக்க வேண்டும். டிக்வர் அதை அவசரமாகத் தாண்டிவிடுகிறார். அந்த இடத்தில் நீங்கள் கோபப்பட்டிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்திருப்பேன்.